புரோமிதியஸ்: கவனமாகப் பார்த்தும் விளங்காதவை

வாசகர் ஒருவரின் கூற்று, 2024 ஓகஸ்ட் 18

"புரோமிதியஸ் படத்தில் அவிழாத மர்மம் என்று எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் விடை படத்துக்குள்ளேயே இருக்கிறது. கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டு பார்த்தவர்கள்தான் பன்னிரண்டு வருடங்களாகப் புலம்புகிறார்கள்."

2024 ஓகஸ்ட் 18, இரவு

இந்த விண்வெளிப் படம் வந்த 2012ஆம் ஆண்டில் என்னிடம் இருந்த கைத்தொலைபேசியில் நோண்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. முன்னறை விளக்கை அணைத்துவிட்டுத் தனியே இருந்து, இடையில் எழும்பாமல் பார்த்தேன். அதன் பிறகு நான்கு தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டை ஏற்க மாட்டேன்.

மனிதரைப் படைத்த வேற்றுலகப் பேருருவங்களைத் தேடி ஒரு கூட்டம் தொலைதூர நிலவொன்றுக்குப் போவதுதான் கதை. விடை படத்துக்குள் இருக்கிறது என்றால் இவற்றுக்குச் சொல்லுங்கள். நம்மைப் படைத்தவர்கள் எதற்காகப் படைத்தார்கள்? படைத்தவர்களே ஏன் நம்மை அழிக்கக் கிளம்பினார்கள்? கிளம்பியவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னர் எதைக் கண்டு அந்தச் சுரங்கத்துக்குள் ஓடி, ஒருவர்மேல் ஒருவராக விழுந்து செத்தார்கள்? நம்மைக் கொல்ல நினைத்தவர்கள், தங்கள் ஆயுதக் கிடங்குக்கு வழிகாட்டும் நட்சத்திரக் குறிப்பைப் பூமியின் குகைச் சுவர்களில் ஏன் விட்டுச் சென்றார்கள்? அந்தக் கறுப்புத் திரவம் ஒருவனைக் கரைத்து ஆற்றில் விடுகிறது, இன்னொருவனை முறுக்கிப் பேயாக்குகிறது, அதைக் குடித்தவனுடைய காதலியின் வயிற்றில் கணவாய் போன்ற ஒன்றை வளர்க்கிறது. அது என்ன கணக்கு? 1979ஆம் ஆண்டின் ஏலியன் படத்தில் பாழடைந்து கிடக்கும் கப்பல் அந்த நிலவில் எப்படி விழுந்தது என்று சொல்லத்தான் இந்த முன்கதை. அதைக்கூட ஒழுங்காகச் சொல்லி முடிக்கவில்லை.

இந்தப் படத்தில் எனக்கு வந்த முதல் மர்மத்தை நான் ஒரு கடைக்காரர்மீது சுமத்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். படத்தை வெள்ளவத்தையில், காலி வீதியோரத்துச் சிறிய கடையொன்றில் நூற்றியிருபது ரூபாய்க்கு டிவிடியாக வாங்கினேன். கள்ளப் பிரதிதான். கடைசிப் பகுதியில், நெடுந்துயிலிலிருந்து எழுப்பப்பட்ட வெளிறிய பேருருவத்தின் முன்னால் நின்று, டேவிட் என்ற இயந்திர மனிதன் விளங்காத மொழியொன்றில் ஒரு வசனம் பேசுகிறான். கீழே சப்டைட்டில் வரவில்லை. படத்தின் உச்சக்கட்டமே அந்த வசனம் என்பதால், சப்டைட்டில் இல்லாமல் விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் மறுபேச்சின்றி வேறொரு பிரதி தந்தார். அதிலும் வரவில்லை. மூன்றாம் முறை போனபோது, கடைத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியை என்னோடு நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, டிவிடியிலை பிழையில்லை. படமே அப்பிடித்தான்."

2024 ஓகஸ்ட் 20

திருத்தம். ஏலியன் படத்தின் கப்பல் விழுந்து கிடப்பது எல்வி-426 என்ற நிலவில். புரோமிதியஸ் நடப்பது எல்வி-223இல். இவை இரண்டும் வேறு வேறு. சுட்டிக்காட்டிய கண்டி வாசகர் சொல்வது சரி. ஆகவே "அதைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை" என்ற என் வரி அநியாயமானது. சொல்ல வராத ஒன்றைச் சொல்லவில்லை என்று வைதிருக்கிறேன்.

ஆனால் இந்தப் பிழை எனக்கு மட்டும் உரியதன்று. ஜோன் ஸ்பேட்ஸ் எழுதிய முதல் திரைக்கதைப் பிரதிக்கு 'ஏலியன்: எஞ்சினியர்ஸ்' என்று பெயர். அதில் கதை நடந்த இடம் எல்வி-426தான். பிறகு டேமன் லிண்டெலொவ் வந்து மாற்றி எழுதியபோது, பழைய படத்துடனான கயிறு வேண்டுமென்றே தளர்த்தப்பட்டது. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்தப் பேருருவம் கடைசியில், ஏலியன் படத்துக் கப்பலில் கிடந்த பிணத்தைப்போல, தன் ஆசனத்தில் போய் இருந்து, நெஞ்சு வெடித்துச் சாகும் என்று காத்திருந்தேன். அது உயிர்காப்புக் கலத்தின் தரையில், கணவாயின் பிடியில் செத்தது. அதே ஆசனத்தைக் காட்டி, அதே கப்பல் வடிவத்தைக் காட்டி, அது விழுவதையும் காட்டிவிட்டு, நிலவின் இலக்கத்தை மட்டும் மாற்றினால் பார்ப்பவன் என்ன செய்வான்?

2024 ஓகஸ்ட் 25

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: 1979ஆம் ஆண்டுப் படமும் எதையும் விளக்கவில்லையே, அதை மட்டும் ஏன் கொண்டாடுகிறீர்கள்? நியாயமான கேள்வி. நான்கு நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தை நான் பார்த்தது 1988இல், கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில். அப்போது எனக்குப் பதினான்கு வயது. வீடியோ டெக்கும் மூன்று படங்களும் ஓரிரவுக்கு வாடகைக்கு வந்திருந்தன. பெரியவர்கள் இரண்டு தமிழ்ப் படங்களோடு படுத்துவிட்டார்கள். மூன்றாவதை நானும் மாமாவின் மகனும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். மூன்று விண்வெளிக்காரர்கள் ஒரு பெரிய கூடத்துக்குள் ஏறி வருகிறார்கள். நடுவில் தொலைநோக்கி போன்ற ஏதோ ஒன்று. அதன் ஆசனத்தில் ஓர் உருவம். ஆசனம் எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கப்பலின் தலைவன் அருகே போய்ப் பார்க்கிறான், கல்லாகிவிட்டது என்கிறான். விலா எலும்புகள் வெளிப்புறமாக வளைந்திருக்கின்றன. அவ்வளவுதான். படம் அந்த மாலுமியைப் பற்றி அதன் பிறகு ஒரு சொல் பேசாது. நாங்கள் இருவரும் விடியும்வரை அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த உருவத்தை வடிவமைத்தவர் சுவிஸ் ஓவியர் கிகர். ஒரேயொரு காட்சிக்கு இத்தனை செலவா என்று தயாரிப்பு நிறுவனம் தயங்கியது. கட்டியது போதிய பெரிதாகத் தெரியவில்லை என்று, இரண்டு படங்களையும் இயக்கிய ரிட்லி ஸ்கொட் தன் பிள்ளைகளுக்குச் சிறிய விண்வெளி உடை தைத்துப் போட்டு அதன் பக்கத்தில் நடக்கவிட்டார். அன்றிரவு எங்களை மிரட்டிய பிரம்மாண்டத்தின் பாதி, சிறுபிள்ளைகளுக்குத் தைத்த உடுப்பு.

என் பதில் இதுதான். அந்தப் படம் என்னிடம் கேள்வி எதையும் கேட்கவில்லை. ஒரு பிணத்தைக் காட்டிவிட்டு நகர்ந்தது. கேள்வியை நானாகக் கேட்டுக்கொண்டேன். அதற்கு விடை தரவேண்டிய கடன் அதற்கு இல்லை. புரோமிதியஸ் அப்படியன்று. நம்மைப் படைத்தவர் யார், ஏன் படைத்தார் என்று பாத்திரங்களின் வாயால் முதல் அரை மணி நேரத்துக்குள் கேட்டுவிடுகிறது. கேட்டுத்தான் 2093ஆம் ஆண்டில் அத்தனை பேரையும் கப்பலில் ஏற்றுகிறது. விடுகதை போடுபவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அப்பாச்சி வகுத்த சட்டம். விடை தெரியாமல் போட்டால் அதற்கு வேறு பெயர் சொல்லுவார். அதை இங்கே எழுத முடியாது.

2024 ஓகஸ்ட் 26

பயணத்தின் மேலதிகாரி விக்கர்ஸ் அம்மையாரின் அறுவைச் சிகிச்சைப் பெட்டி ஏன் ஆண்களுக்கு மட்டும் வேலை செய்கிறது என்று கிண்டலடித்து ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். நல்ல வேளையாக அனுப்பவில்லை. பெட்டி அவருக்காக வைக்கப்பட்டதன்று. பயணத்துக்குக் காசு போட்டுவிட்டுக் கப்பலுக்குள் ஒளிந்து பயணம் செய்யும் கிழவர் வெய்லண்டுக்காக வைக்கப்பட்டது. ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை, ஆனால் விடை கண்முன் கிடக்கிறது. இந்த ஒன்றில் முதலில் எழுதியவர் வென்றார். எனக்கு இது மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் உறைத்தது.

ஆராய்ச்சியாளர் ஹொலொவேயின் குவளையில் டேவிட் அந்தக் கறுப்புத் திரவத்தின் துளியை விட்டது ஏன் என்பதையும் அரைவாசி விடையுள்ளதாகவே கொள்ளலாம். இன்னும் முயற்சி செய் என்பது எசமான் வெய்லண்டின் கட்டளை. டேவிட் முயற்சி செய்தான்.

2024 ஓகஸ்ட் 27

பாம்பு போன்ற பிராணியைக் கொஞ்சப் போன உயிரியலாளர், தானே வரைபடம் எடுத்த சுரங்கத்தில் வழிதவறிய புவியியலாளர், உருண்டுவரும் கப்பலுக்கு முன்னால் பக்கவாட்டில் விலகாமல் நேராக ஓடியவர்கள்: இவற்றையெல்லாம் மர்மக் கணக்கில் சேர்க்காதீர்கள். இது அசட்டுத்தனம். வேறு கணக்கு.

2024 செப்டெம்பர் 8

டேவிட் பேசிய வசனத்துக்கு வருகிறேன். எனக்கு டிவிடி சண்டை வாங்கித் தந்த வசனம் என்பதால் இதில் கொஞ்சம் அதிகமாகவே தோண்டியிருக்கிறேன்.

பயணத்தின்போது எல்லோரும் உறைநிலையில் உறங்க, டேவிட் தனியாக ஒரு மொழிப்பாடம் படிக்கிறான். திரையில் தோன்றும் ஆசிரியர் ஒரு கதையைச் சொல்லிக் கொடுக்கிறார். அது செம்மறியும் குதிரைகளும் என்ற சிறு கதை. ஜெர்மன் மொழியியலாளர் அவுகுஸ்ட் ஷ்லைஹர், இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தாய்மொழி எப்படி ஒலித்திருக்கும் என்று ஊகித்து 1868இல் எழுதியது. மயிர் கத்தரிக்கப்பட்ட செம்மறி, பாரம் இழுக்கும் குதிரைகளைக் கண்டு இரங்குகிறது; உன் மயிரைத்தானே எசமான் தனக்கு ஆடையாக்கிக்கொண்டான் என்று குதிரைகள் திருப்பிச் சொல்ல, செம்மறி வெளியில் ஓடிவிடுகிறது. எசமானின் சொத்தாகிய இயந்திரத்துக்குப் பாடமாக வாய்த்த கதையைப் பாருங்கள். படத்தை எழுதியவர்கள் நினைத்துத்தான் செய்தார்களா என்று கேட்டால், இந்த ஓர் இடத்தில் அவர்களுக்குச் சந்தேகத்தின் நன்மையை வழங்குவேன்.

ஆக, நம்மைப் படைத்தவர்களுடன் பேசுவதற்கு அந்தத் தாய்மொழி போதும் என்பது படத்தின் துணிபு. இதை எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழ்வீட்டுச் சிங்கள நண்பருக்குச் சொன்னபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிங்களம் அந்தத் தாய்மொழியின் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழ் அப்படியன்று. அந்தத் தாய்மொழியில் குதிரைக்குச் சொல்லும் சொல்லின் பேரப்பிள்ளைதான் சமஸ்கிருத அசுவம். சிங்களத்தில் இன்றும் அஷ்வயா. தனக்கு அந்தப் பேருருவத்துடன் பாதிப் பேச்சாவது ஓடும், உனக்கு அங்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். நான் விடவில்லை. வெய்லண்ட் கிழவர் அங்கே போய்க் கேட்ட பொருளுக்குத் தமிழில் ஆயுள் என்கிறோம்; அதுவும் அந்தக் குடும்பத்துச் சொல்தான் என்றேன். இருவரும் பிளேன்டீ ஒன்றோடு சமாதானமானோம்.

வசனத்தின் பொருளைப் படத்தின் மொழியியல் ஆலோசகர் அனில் பில்ட்டூ பின்னர் வெளியே சொன்னார். பாடம் சொல்லும் ஆசிரியராகத் திரையில் தோன்றுபவரும் அவர்தான். இந்த மனிதர் சாக விரும்பாததால் இங்கே வந்திருக்கிறார், தமக்கு மேலும் ஆயுள் தர உம்மால் முடியுமென நம்புகிறார் என்பது சாரம். டேவிட் ஏதோ நஞ்சாகச் சொல்லியிருப்பான், அதனால்தான் பேருருவம் அவன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அப்படியே பிடுங்கி எறிந்தது என்று நான் நம்பியிருந்தேன். அவன் நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறான். விடை தெரிந்த பிறகு காட்சி எனக்கு முன்பைவிட இருட்டாகிவிட்டது. ப்ளூரே தட்டில் நீக்கப்பட்ட காட்சிகளுள் இந்தச் சந்திப்பின் நீண்ட வடிவமும் இருக்கிறது; அதில் பேருருவம் பதில் பேசுகிறது. பேசாமல் இருந்ததே மேல்.

இதை எழுதும்போதே தெரிகிறது, ஓகஸ்ட் 25ஆம் திகதி நான் சொன்னதற்கு இது எதிராகப் போகிறது. கடன் கடன் என்று கத்தினேன். திருப்பித் தந்ததும் வேண்டாம் என்கிறேன்.

2024 செப்டெம்பர் 9

இரண்டாயிரம் வருடம் என்ற கணக்கையும், ஹொலொவேயின் காதலியான ஆராய்ச்சியாளர் ஷோவின் கழுத்துச் சிலுவையையும் கப்பல் தலைவர் ஜனெக் வைக்கும் கிறிஸ்மஸ் மரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இயேசு வருகிறார் என்று மருதானை வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய கற்பனையன்று. பூமிக்கு ஒருவரை அனுப்பினோம், அவரைச் சிலுவையில் அறைந்துவிட்டீர்கள் என்ற வகையில் யோசித்ததாகவும், அது மிகவும் நேரடியாக இருக்கும் என்று கைவிட்டதாகவும் ஸ்கொட்டே 2012இல் பேட்டியொன்றில் சொன்னார். கைவிட்ட விடையின் தடயங்களை மட்டும் படத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். வீடு மாறிப் போனவர் சுவரில் ஆணிகளை விட்டுப் போவதுபோல.

2024 ஒக்டோபர் 2

புரோமிதியஸின் அடுத்த பாகமான கொவனன்ட் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்கிறார்கள். திறக்க விருப்பமில்லாததால்.

சரி. புரோமிதியஸ் முடிவில், 2094ஆம் ஆண்டின் முதல் நாளில், ஷோ திரும்பிப் பூமிக்குப் போகாமல், டேவிட்டின் தலையைப் பையில் போட்டுக்கொண்டு, படைத்தவர்களின் ஊரைத் தேடிப் புறப்படுகிறார். காரணம் அறிய வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய பிடிவாதம். எனக்குப் படத்தில் எல்லாவற்றிலும் பிடித்த இடம் அது. அவருடைய எரிச்சல் என்னுடைய எரிச்சலாகவே இருந்தது. ஐந்து வருடம் காத்திருந்தேன். 2017இல் கொவனன்ட் வந்தது. ஷோ செத்துவிட்டார், அதுவும் டேவிட்டின் சோதனை மேசையில். படைத்தவர்களின் ஊர்? டேவிட் கப்பலில் போய் மேலிருந்து கறுப்புத் திரவத்தைக் கொட்டுகிறான், சதுக்கம் நிறைய நின்றவர்கள் சில நிமிடங்களுக்குள் கருகி விழுகிறார்கள். கேட்கப் போனவரையும் சொல்ல வேண்டியவர்களையும் ஒரே படத்தில் முடித்துவிட்டார்கள்.

பதிலுக்குத் தந்த விடை, ஏலியன் பிராணியை உருவாக்கியவன் டேவிட் என்பது. யாரும் கேட்காத கேள்விக்கு விடை. கணக்கும் பொருந்தவில்லை. கொவனன்ட் நடப்பது 2104இல், ஏலியன் 2122இல். இடையில் பதினெட்டு வருடம். டேவிட் உருவாக்கியதுதான் அந்த மாலுமியின் நெஞ்சையும் பிளந்தது என்றால், பதினெட்டு வருடத்தில் ஓர் உடம்பு கல்லாகி ஆசனத்தோடு ஒட்டிப்போகாது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பத்தொன்பது வயது. அது இன்னும் கல்லாகவில்லை. போதாக்குறைக்கு, புரோமிதியஸில் பெரிய தலைச் சிலை நிற்கும் கூடத்துச் சுவரில், இரண்டாயிரம் வருடப் பழமையான சிற்பத்தில், அந்தப் பிராணியின் சாயலான உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது.

புரோமிதியஸ் உலகெங்கும் ஏறக்குறைய 403 மில்லியன் டொலர் வசூலித்தது. கொவனன்ட் 240 மில்லியனோடு நின்றுவிட்டது. கேள்வியோடு வீட்டுக்குப் போன கூட்டம் விடைக்குத் திரும்பி வரவில்லை. கதையின் மிச்சத்தைச் சொல்லத் திட்டமிட்டிருந்த அடுத்த படமும் அதோடு வரவில்லை. 2024இல் வந்த ஏலியன் வரிசைப் படமான ரொமியுலஸில் கறுப்புத் திரவம் மறுபடி வருகிறது, ஆனால் ஷோவின் கேள்வியை யாரும் நினைவுகூரவில்லை.

2024 ஒக்டோபர் 3

நேற்று இரவு சூட்டில் எழுதியது. ஒன்றைத் தளர்த்துகிறேன். மாலுமியின் நெஞ்சைப் பிளந்தது டேவிட்டின் பிராணி என்று கொவனன்ட் எங்கும் சொல்லவில்லை. அப்படிப் பொருள்படும்படி விட்டிருக்கிறது. முன்பே இருந்த ஒன்றை டேவிட் மீண்டும் கண்டுபிடித்தான் என்று கொண்டால் சிற்பமும் பொருந்தும், கல்லான உடம்பும் பொருந்தும். குளிர்சாதனப் பெட்டி பற்றிய வரியை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

2024 டிசம்பர் 29

ஏறக்குறைய மூன்று மாதமாக எழுதவில்லை. மகளுக்கு உயர்தரப் பரீட்சை. முடிந்த பிறகு, இத்தனை சண்டை பிடிக்கிறீர்களே, அந்தப் படத்தைப் போடுங்கள் என்றாள். நேற்று இரவு போட்டோம். எனக்கு ஆறாம் தடவை.

தொடக்கத்தில் அருவியோரம் ஒரு பேருருவம் கிண்ணத்தைக் குடித்துக் கரைகிறதே, அது பூமிதானா என்று கேட்டாள். ஐஸ்லாந்தின் டெட்டிஃபோஸ் அருவியில் எடுத்தது, பூமியாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை என்று ஸ்கொட்டே சொல்லிவிட்டார் என்றேன். பிறகு பேசாமல் பார்த்தாள். அந்தக் காட்சி வந்தது. ஷோ கத்துகிறார்: எங்களை ஏன் வெறுக்கிறீர்கள், நாங்கள் என்ன பிழை செய்தோம், அவரிடம் கேள் என்று. வெய்லண்டின் காவலாளி துப்பாக்கியின் அடிப்பக்கத்தால் அவரைக் குத்தி விழுத்துகிறான். வெய்லண்ட் தன் விண்ணப்பத்தைச் சொல்லும்படி டேவிட்டைப் பார்க்கிறார். டேவிட் பேசுகிறான். அவன் சொன்னதன் பொருளை, செப்டெம்பரில் இங்கே எழுதியதை, மகளுக்குச் சொன்னேன்.

அவள் ரிமோட்டை வாங்கிப் பின்னோக்கி ஓட்டினாள். இரண்டு தடவை பார்த்தாள். "அப்ப அந்த அக்கா கேட்டதை அவன் கேக்கவே இல்லையே, அப்பா" என்றாள்.

கேட்கவே இல்லை. அந்தக் கூடத்தில் பாலம் போட்டுப் பேசக்கூடியவன் ஒருவன். அவன் எசமானின் ஒரு வேண்டுதலை மட்டும் மொழிபெயர்த்தான். ஷோவின் கேள்வி அந்தப் பேருருவத்தின் காதில் வெறும் கூச்சலாகத்தான் விழுந்திருக்கும். ஏன் என்ற கேள்விக்குப் படம் விடை சொல்லவில்லை என்று பன்னிரண்டு வருடம் ஏசினேன். அந்தக் கேள்வி உரியவரிடம் போய்ச் சேரவே இல்லை என்பது சப்டைட்டில் இல்லாத ஒரு வசனத்துக்குள் கிடந்திருக்கிறது. விடை படத்துக்குள்ளேயே இருக்கிறது என்று ஓகஸ்டில் எழுதியவர் இதைத்தான் சொன்னாரா தெரியாது. மற்றக் கேள்விகளை, குகைச் சுவர்க் குறிப்பையும் கறுப்புத் திரவத்தின் கணக்கையும், இது தீர்க்கவில்லை. அவற்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இந்தக் காட்சியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மீளப் பெறுகிறேன்.

அதன் பிறகு படத்தில் எனக்குக் கவனம் நிற்கவில்லை. அப்பா இறந்த பின், அவருடைய ஓய்வூதியக் கோப்பு விடயமாக அம்மாவுடன் கொழும்பில் ஓர் அலுவலகத்துக்கு அலைந்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. எனக்கு இருபது வயது. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். வரிசையில் நிற்கும்போது அம்மா என்னிடம் மூன்று கேள்விகளைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். காசு எப்போது வரும், கோப்பை ஏன் திருப்பி அனுப்பினார்கள், நாங்கள் எதில் பிழை விட்டோம். யன்னலுக்கு அப்பால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் முதலாவதை மட்டும் கேட்டேன். அவர் ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னார். அதைத் தமிழில் அம்மாவிடம் சொன்னேன்.

திரும்பி வரும்போது 100ஆம் இலக்க பஸ்ஸில் யன்னலோரம் இருந்த அம்மா கேட்டார்: "மற்ற ரெண்டையும் கேட்டனியோ?"

ஓம் என்றேன்.